சாம்பல் காட்டுக்கோழியும் இலங்கைக் காட்டுக்கோழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் பறவை பார்க்கப் போகும்போது கூட வருகிறவர்கள் கேட்பது, வன்னியில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் கேட்பது, கறிக்கடையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் கேட்பது என்று பல வருடங்களாக ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே போட்டிருக்கிறேன், திருத்தவில்லை.

காட்டுக்கோழின்னா வீட்டுக்கோழி காட்டுக்குள்ள ஓடிப்போய் காட்டுத்தனமா மாறினதுதானே?

இல்லை, கதை நேர் எதிர். காட்டுக்கோழிதான் முதலில் இருந்தது, அதிலிருந்து மனிதன் பழக்கி எடுத்ததுதான் வீட்டுக்கோழி. காட்டுக்கோழி மனிதன் கை படாத தனிப் பறவை. மயில், கௌதாரி, காடை எல்லாம் இருக்கிற அதே குடும்பம்தான் இதற்கும்.

மொத்தம் எத்தனை வகை இருக்கு? நம்ம ஊர்ல இருக்கிறது எது?

உலகத்தில் 4 இனங்கள்தான். சிவப்புக் காட்டுக்கோழி இமயமலை அடிவாரத்திலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. பச்சைக் காட்டுக்கோழி ஜாவாவிலும் அதன் பக்கத்துத் தீவுகளிலும் இருக்கிறது. மீதி இரண்டும் நம் பக்கம்: சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவில் மட்டும், இலங்கைக் காட்டுக்கோழி இலங்கையில் மட்டும்.

தமிழ்நாட்டுக் காடுகளில் இயல்பாக வாழ்வது சாம்பல் மட்டும்தான். தமிழ் பேசுகிறவர்கள் காலங்காலமாக வாழும் நிலத்தில் இந்த இரண்டு இனங்களும் இருக்கின்றன, இரண்டையும் நாம் "காட்டுக்கோழி" என்ற ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சேவலைப் பார்த்தா எது எதுன்னு சட்டுனு எப்படிச் சொல்றது?

கழுத்தைப் பாருங்கள், அப்புறம் கொண்டையைப் பாருங்கள். அது போதும்.

சாம்பல் சேவலின் உடம்பு பெயருக்கு ஏற்றபடி சாம்பல் நிறம், ஒவ்வொரு இறகிலும் மெல்லிய வெள்ளைக் கோடு. கழுத்துப் பிடரி கறுப்பு, அதன் மேல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள், யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்த மாதிரி. வால் ஊதா மினுக்கும் கறுப்பு, அரிவாள் போல் வளைந்திருக்கும். கொண்டை முழுச் சிவப்பு. இலங்கைச் சேவலுக்குச் சாம்பல் நிறமே கிடையாது. நெஞ்சும் வயிறும் ஆரஞ்சுச் சிவப்பு, பிடரி பொன்னிறம், இறக்கையும் வாலும் கருநீலமும் ஊதாவும் கலந்த மினுமினுப்பு, தொண்டைக்குக் கீழே சின்னதாக ஒரு ஊதாத் திட்டு. அதன் கொண்டைதான் தனி அடையாளம்: ஓரமெல்லாம் சிவப்பு, நடுவில் பளிச்சென்று மஞ்சள். வேறு எந்தக் காட்டுக்கோழிக்கும் அப்படி மஞ்சள் நடுக் கொண்டை கிடையாது.

அளவை வைத்துப் பிரிக்க முயற்சி செய்யாதீர்கள். சாம்பல் சேவல் வாலோடு சேர்த்து 70 முதல் 80 சென்டிமீட்டர், இலங்கைச் சேவல் அதைவிடக் கொஞ்சம் குறைவு, எடை இரண்டுமே ஏறத்தாழ 1 கிலோதான். புதருக்குள் இருக்கும் பறவையின் அளவை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

சாம்பல் சேவல் கழுத்துல இருக்கிற அந்த மஞ்சப் புள்ளி பெயின்ட் அடிச்ச மாதிரி பளபளன்னு இருக்கே, அது இறகா வேற ஏதாவதா?

இறகுதான். ஆனால் சாதாரண இறகு போல் இழை இழையாக இல்லை. இறகின் நடுத்தண்டு நுனியில் தட்டையாக விரிந்து, கெட்டியாகி, மெழுகுச் சொட்டு மாதிரி ஆகிவிடுகிறது. அதனால்தான் வெயில் பட்டால் மினுங்குகிறது. இலங்கைச் சேவலுக்கு இந்தத் தகடு கிடையாது, அதன் பிடரி இறகுகள் நீளமாக, மென்மையாக, நாம் வீட்டுச் சேவலில் பார்க்கிற மாதிரி தொங்கும்.

ஒருநாள் காலை, தேயிலைத் தோட்டமும் சோலைக்காடும் சேரும் ஓரத்தில் தூறலோடு தூறலாக ஒரு சேவல் வெளியே வந்தது. இருபது அடி தூரம் இருக்கும். பைனாகுலரில் பார்த்தால் கழுத்தில் எது புள்ளி, எது மழைத்துளி என்று பிரிக்க முடியவில்லை. அது உடம்பைச் சிலிர்த்து உதறியபோதுதான் துளிகள் தெறித்துப் போய் புள்ளிகள் மட்டும் நின்றன. அன்றைக்கு எனக்குக் குறுந்தொகை 242ஆம் பாட்டு விளங்கியது. "கானங்கோழிக் கவர்குரற் சேவல் ஒண்பொறி எருத்தில் தண்சிதர் உறைப்ப" என்று வரும். ஒண்பொறி எருத்து என்றால் ஒளிவிடும் புள்ளிகள் உள்ள கழுத்து, தண்சிதர் என்றால் குளிர்ந்த நீர்த்துளி. அதை எழுதியவர் சாம்பல் காட்டுச்சேவலைப் பக்கத்தில் நின்று, மழை நேரத்தில் பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்கு இனங்களில் கழுத்தில் பொறி உள்ளது இது ஒன்றுதான்.

பெட்டைக்கோழி எல்லாமே பழுப்பாத்தான இருக்கு, அதை எப்படிப் பிரிக்கிறது?

சாம்பல் பெட்டையின் மேல்பக்கம் பழுப்பு, நெஞ்சும் வயிறும் வெள்ளை, அந்த வெள்ளை இறகு ஒவ்வொன்றுக்கும் கறுப்பு ஓரம் இருக்கும், தூரத்தில் பார்த்தால் செதில் செதிலாகத் தெரியும். கால் மஞ்சள். இந்தக் கால் நிறத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொரு கேள்விக்குத் தேவைப்படும்.

இலங்கைப் பெட்டை உருவத்தில் சிறியது, 35 சென்டிமீட்டர் அளவு, எடை அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இறக்கையில் குறுக்குப் பட்டைகள் தெளிவாக இருக்கும். நேர்மையாகச் சொன்னால் பெட்டையைப் பார்த்துப் பிரிக்க வேண்டிய நிலைமையே வராது, ஏனென்றால் இரண்டு இனமும் ஒரே காட்டில் எங்கேயும் இல்லை. நீங்கள் நிற்கும் இடம் தமிழ்நாட்டு டாப்ஸ்லிப்பா, இலங்கை வில்பத்தா என்பதே பதிலைச் சொல்லிவிடும்.

கூவுறது நம்ம வீட்டுச் சேவல் மாதிரியே "கொக்கரக்கோ"ன்னு இருக்குமா?

இருக்காது. கொக்கரக்கோ சிவப்புக் காட்டுக்கோழியின் சொத்து, அதிலிருந்துதான் வீட்டுச் சேவலுக்கு வந்தது. காட்டில் உண்மையான சிவப்பு கூவினால் கடைசி எழுத்து மட்டும் வெட்டினாற்போல் நின்றுவிடும்.

சாம்பல் சேவல் "குக்... கயா கயா... குக்" என்று உடைந்து உடைந்து, கரகரப்பாகக் கூவும். முதல் முறை கேட்பவர்கள் கோழி என்றே நினைக்க மாட்டார்கள். கூவுவதற்கு முன்னால் இறக்கையைப் படபடவென்று அடிக்கும் சத்தம் வரும், அமைதியான காலையில் அதுவே நன்றாகக் கேட்கும். மேலே சொன்ன பாட்டில் "கவர்குரல்" என்று இருக்கிறதே, அதற்குப் பிளவுபட்ட குரல் என்று பொருள் சொல்வார்கள், நேரில் கேட்டால் அந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். இலங்கைச் சேவலின் கூவல் இன்னும் சுருக்கமானது, "சிக்... சொயிக்" என்கிற மாதிரி இரண்டு மூன்று அசைகளில் முடிந்துவிடும், கடைசி அசை மேலே ஏறும்.

எங்கே போனா கண்டிப்பா பார்க்கலாம்?

கண்டிப்பாக என்று காட்டில் எதுவும் கிடையாது. ஆனால் முதுமலை, டாப்ஸ்லிப், சத்தியமங்கலம், வால்பாறை, மேகமலை, களக்காடு முண்டந்துறை, கேரளத்தில் தட்டேக்காடு, பெரியாறு, இங்கெல்லாம் விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் சாலையோரம் மெதுவாக நடந்தால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. சாலையில் கிடக்கும் யானைச் சாணியையும் மாட்டுச் சாணியையும் காலால் கிளறிக்கொண்டு நிற்கும், அதற்குள் இருக்கும் பூச்சிக்காகவும் செரிக்காத தானியத்துக்காகவும். வடக்கே குஜராத், தெற்கு ராஜஸ்தானின் அபுமலை வரைகூட இந்த இனம் இருக்கிறது.

இலங்கையில் யால, வில்பத்து, சிங்கராஜா, ஹோர்ட்டன் சமவெளி எதிலும் பார்க்கலாம். கடற்கரைக் காட்டிலிருந்து 2000 மீட்டர் உயரக் குளிர்காடு வரை அதுவே இருக்கிறது. யால போன்ற இடங்களில் வண்டிகளுக்குப் பழகி, பாதையோரமே நின்று படம் எடுக்க விடும். நம் சாம்பல் சேவலிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே தலையைத் தாழ்த்திக்கொண்டு லண்டனா புதருக்குள் ஓடிவிடும், பறப்பதுகூடக் கடைசி வழிதான். நம் காடுகளில் அது வாழ்ந்துவரும் வாழ்க்கை அப்படி.

ஆகஸ்ட்ல முதுமலை போனேன். சேவல் மாதிரி ஒண்ணு இருந்துச்சு, ஆனா கழுத்துல புள்ளியே இல்லை. அது என்ன?

அதே சாம்பல் சேவல்தான், இறகு உதிர்த்த கோலத்தில். இனப்பெருக்கம் முடிந்ததும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சேவல் பிடரி இறகுகளை உதிர்த்துவிட்டு மங்கலான கறுத்த இறகோடு திரியும். அந்த நாட்களில் கூவுவதும் குறைவு. மழை ஓய்ந்து பனி இறங்கும்போது புள்ளிகளும் குரலும் திரும்பி வந்துவிடும். படம் எடுக்க வேண்டும் என்றால் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை போங்கள்.

இலங்கைச் சேவல் இப்படிக் கோலம் மாறுவதில்லை, வருடம் முழுக்க அதே ஆரஞ்சும் பொன்னும்தான். இவ்வளவு நெருங்கிய இரண்டு பறவைகளில் ஒன்று மாறுகிறது, ஒன்று மாறுவதில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியமான விஷயம்.

எங்க ஊர்க் குளத்துல கானாங்கோழி இருக்கு. நீங்க சொல்றதும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. குளத்தோரம் வெள்ளை நெஞ்சோடு, குட்டை வாலை ஆட்டி ஆட்டி நடக்கிறதே, அது நீர்ப்பறவை, கோழி இனமே இல்லை. பெயரில்தான் கோழி. பாட்டில் வரும் கானங்கோழி காட்டில் இருப்பது, இன்று ஊரில் கானாங்கோழி என்று சொல்வது குளத்தில் இருப்பது. பெயர் எங்கேயோ இடம் மாறிவிட்டது. காட்டிலேயே சுண்டங்கோழி என்று ஒன்று உண்டு, செம்பழுப்பு நிறம், கௌதாரியைவிடக் கொஞ்சம் பெரிது, வால் வளையாது. அதுவும் வேறு.

என்ன தின்னும்? தானியம் மட்டுமா?

தானியம், விதை, உதிர்ந்த பழம், புழு பூச்சி, முக்கியமாகக் கரையான். கரையான் புற்று இருக்கும் இடத்தில் தரையெல்லாம் கீறிவிட்டிருந்தால் கோழி வந்து போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூங்கில் பூத்து அரிசி உதிரும் வருடங்களில் சாம்பல் காட்டுக்கோழிகள் அந்த இடத்தில் கூட்டமாகச் சேரும், மற்றபடி தனியாகவோ சின்னக் குழுவாகவோதான் இருக்கும். குறிஞ்சி வகைச் செடிகள் விதைக்கும்போதும் அப்படித்தான். நீலக்குறிஞ்சி 2006இல் பூத்தது, அடுத்து 2018இல் பூத்தது, பூவைப் பார்க்கக் கூட்டம் போகிறது, பூவுக்குப் பின்னால் வரும் விதையை நினைத்து யாரும் போவதில்லை, கோழிகள் போகும். இலங்கை மலைகளிலும் இதே கதைதான். அங்கே குறிஞ்சிக்கு உறவான செடிகளை நெலு என்கிறார்கள். நெலு விதைக்கும் காலத்தில் காட்டுக்கோழிகள் மலையேறிக் குவியும் என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கில வேட்டைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

முட்டை எத்தனை போடும்? சேவலும் குஞ்சைப் பார்த்துக்குமா?

சாம்பல் பெட்டை 4 முதல் 7 முட்டை வரை போடும், வெளிறிய பால் நிறம். தரையில் புதர் ஓரம் லேசாகக் குழித்து, சருகு போட்டதுதான் கூடு. அடைகாப்பது பெட்டை மட்டுமே, 21 நாள் கணக்கு, வீட்டுக்கோழிக்கும் அதுதானே. பிப்ரவரி முதல் மே வரை முக்கியமான காலம். அந்த மாதங்களில் காட்டுப்பாதையை விட்டு உள்ளே இறங்கி நடக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான். காலுக்கு ஓரடி முன்னால் கோழி அடையில் இருந்தாலும் நமக்குத் தெரியாது, சருகோடு சருகாக உட்கார்ந்திருக்கும்.

இலங்கைப் பெட்டை போடுவது குறைவு, 2 முதல் 4 வரைதான். தரையில் மட்டுமில்லை, வேறு பறவையோ அணிலோ விட்டுப்போன கூட்டில்கூட முட்டையிடும். சேவலும் கூட்டைக் காவல் காத்து, குஞ்சுகளோடு திரியும். முட்டை குறைவு, சேவலின் பங்கு கூடுதல்.

நாங்கள் வன்னியில காட்டுக்கோழி எண்டு சொல்லுறது இந்தியாவில இருக்கிறதுதானே?

இல்லை அக்கா, நீங்கள் பார்ப்பது இலங்கைக் காட்டுக்கோழி. முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கக் காடுகளில் இருப்பதும் தெற்கே யாலவில் இருப்பதும் ஒரே இனம்தான். இலங்கையின் தேசியப் பறவையும் அதுவே. சிங்களத்தில் வளி குக்குளா என்பார்கள். அந்த நாட்டை விட்டால் உலகில் வேறெங்கும் அது இயற்கையாக இல்லை. அடுத்த முறை பார்க்கும்போது கொண்டையின் நடு மஞ்சளைக் கவனித்துப் பாருங்கள்.

ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நாடு, நடுவுல சின்னக் கடல்தான். அப்புறம் ஏன் தனித்தனி இனம்னு சொல்றீங்க? நிறம் மட்டும் மாறின ஒரே கோழியா இருக்கக்கூடாதா?

நிறம் மட்டும் மாறியிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் மேலே சொன்னதை எல்லாம் சேர்த்துப் பாருங்கள்: கூவல் வேறு, பிடரி இறகின் அமைப்பே வேறு, கொண்டை வேறு, ஒன்று மழைக்காலத்தில் கோலம் மாறும், மற்றது மாறாது, முட்டைக் கணக்கு வேறு, சேவலின் குணம்கூட வேறு. மரபணுவைப் படித்துப் பார்த்த ஆய்வுகளும் இரண்டையும் தனி இனமாகத்தான் வைக்கின்றன.

அதே சமயம், 4 இனங்களின் முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டு 2020இல் வந்த ஆய்வில், இந்த இரண்டும்தான் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு என்று வந்திருக்கிறது. அதாவது நிறத்தில் சிவப்புக் காட்டுக்கோழி மாதிரித் தெரியும் இலங்கைச் சேவலுக்கு உண்மையான ரத்த உறவு நம் சாம்பல் சேவல். பனியுகங்களில் கடல்மட்டம் இறங்கியபோது இரண்டு நிலமும் ஒட்டியிருந்தன, மட்டம் ஏறியபோது பிரிந்தன. அப்படிப் பலமுறை சேர்ந்து பிரிந்த நிலத்தில் இரண்டு உறவுகள் தனித்தனியாக வளர்ந்திருக்கின்றன.

ஏற்காட்டுப் பக்கம் காட்டு ஓரத்துல செவப்புக் காட்டுச்சேவல் பார்த்தேன், போட்டோவும் இருக்கு. தமிழ்நாட்டுல இல்லைன்னு சொல்றீங்களே?

படத்தைப் பார்க்காமலே முக்கால்வாசி சொல்லிவிடுவேன், அது மேயப்போன நாட்டுச்சேவல். சிவப்புக் காட்டுக்கோழியின் இயல்பான எல்லை ஏறத்தாழ கோதாவரியோடு நின்றுவிடுகிறது, அதற்குத் தெற்கே சாம்பலின் ஆட்சி. நடுவே மத்தியப் பிரதேசத்துக் காடுகளில் சில இடங்களில் இரண்டும் சந்திக்கின்றன.

படத்தில் காலைப் பாருங்கள். உண்மையான சிவப்புக் காட்டுச்சேவலின் கால் ஈயச் சாம்பல் நிறத்தில் இருக்கும். மஞ்சள் கால் என்றால் வீட்டு ரத்தம் இருக்கிறது.

அந்த மஞ்சக் கால் கதை என்ன? பின்னால சொல்றேன்னு சொன்னீங்களே?

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். கறிக்கடையில் தொங்கும் பிராய்லரின் தோலும் காலும் மஞ்சள். வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழிக்கு மஞ்சள் தோல் கிடையாது. அப்படியானால் மஞ்சள் எங்கிருந்து வந்தது? சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2008இல் இதற்கு விடை கண்டார்கள்: சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து. நம் மலைகளில் திரிகிறதே, அதே பறவைதான்.

வேலை செய்யும் விதம் எளிது. சோளம், கீரை போன்ற தீனியில் மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன. வெள்ளைத் தோல் கோழியின் தோலில் ஒரு நொதி அந்த நிறமியை உடைத்துவிடும். மஞ்சள் தோல் கோழியில் அந்த நொதியை உண்டாக்கும் மரபணு தோலில் மட்டும் அடங்கிக் கிடக்கிறது, அதனால் தின்ற மஞ்சள் அப்படியே தோலில் தங்கிவிடுகிறது. அடங்கிக் கிடக்கும் இந்த வடிவம் சாம்பல் காட்டுக்கோழியினுடையது. எப்போதோ இந்தியாவில் ஏதோ ஒரு ஊர் ஓரத்தில் வீட்டுக்கோழியும் சாம்பல் காட்டுக்கோழியும் சேர்ந்திருக்கின்றன, மனிதன் அந்த மஞ்சளைப் பிடித்துப்போய்ப் பெருக்கியிருக்கிறான். இன்று உலகம் முழுக்கப் பண்ணைகளில் வளரும் கோடிக்கணக்கான மஞ்சள் கால் கோழிகளில் ஆனைமலைக்காரனின் ஒரு துண்டு இருக்கிறது.

அப்போ நாட்டுக்கோழி நம்ம சாம்பல் கோழியில இருந்துதான் வந்துச்சுன்னு சொல்லலாமா?

சொல்லக்கூடாது. மஞ்சள் தோல் அதன் பங்களிப்பு, அவ்வளவுதான். சிவப்புக் காட்டுக்கோழிதான் மூதாதை என்று டார்வின் 19ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார். 2020இல் 800க்கும் மேற்பட்ட கோழிகளின் மரபணுத் தொகுதியைப் பார்த்த ஆய்வு இடத்தையும் குறுக்கிவிட்டது: தென்மேற்குச் சீனா, வடக்குத் தாய்லாந்து, மியன்மார்ப் பகுதியில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியின் ஒரு கிளையினம். அங்கிருந்து மனிதர்களோடு பயணப்பட்டு இங்கே வந்தபோதுதான் சாம்பலோடு கலப்பு.

வீட்டுக்கோழியோட இப்பவும் சேருமா? சேர்ந்தா நல்லதுதானே, வீரியமான குஞ்சு கிடைக்குமே?

சேரும், மஞ்சள் கால் அதற்குச் சாட்சி. இலங்கையிலும் காட்டோரக் கிராமங்களில் காட்டுச்சேவல் ஊர்ப் பெட்டையைத் தேடி வருவது உண்டு. நல்லதா என்றால் காட்டுக்கு நல்லதில்லை. ஊர்க் கோழிகள் எண்ணிக்கையில் கொள்ளை, காட்டுக்கோழி குறைவு. கலப்பு அதிகமானால் சில தலைமுறைகளில் காட்டுக் குணமே கரைந்துவிடும். சிவப்புக் காட்டுக்கோழிக்குப் பல இடங்களில் நேர்ந்திருப்பது இதுதான், காட்டில் திரிவதில் எது தூய்மையானது என்று சொல்ல முடியாத நிலை.

கலப்பைவிட உடனடி ஆபத்து நோய். வெள்ளைக் கழிச்சல் மாதிரி ஒன்று ஊர்க் கோழியிடம் வந்தால் நமக்குத் தடுப்பூசி இருக்கிறது, காட்டுக்கோழிக்கு யார் போடுவது? செத்த கோழியைக் காட்டோரம் வீசுகிற பழக்கம் இருக்கிறதே, தயவுசெய்து குழி தோண்டிப் புதையுங்கள்.

வெளிநாட்டுக்காரங்க இது இறகுக்காகவே வாங்குவாங்களாமே, உண்மையா?

உண்மை. சாம்பல் சேவலின் அந்த மெழுகுப் புள்ளி இறகு, பிரிட்டனில் சால்மன் மீன் பிடிக்கும் தூண்டிலில் போலிப் பூச்சி கட்டப் பயன்பட்டது. தண்ணீருக்குள் மினுங்கும் கண் மாதிரி இருப்பதால் மீன் ஏமாறும். அதற்காக 19ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தியாவிலிருந்து பிடரித்தோல் தோலாகப் போனது, ஒரு தோலுக்கு ஒரு சேவல். பிறகு இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. இப்போது பிரிட்டனில் வளர்ப்புப் பறவைகளிடமிருந்து எடுக்கிறார்கள். பொன்னிறமாக, பார்க்க இன்னும் பகட்டாக இருந்தும் மெழுகுத் தகடு இல்லாததால் இலங்கைச் சேவல் அந்த வியாபாரத்திலிருந்து தப்பித்தது.

காட்டுக்கோழிக் கறி மூட்டுவலிக்கு, மூச்சிரைப்புக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

கோழிக்கறியில் என்ன சத்து இருக்கிறதோ அதுதான் அதிலும் இருக்கும். மூட்டுவலிக்கு மருத்துவரைப் பாருங்கள். கண்ணி வைத்துப் பிடித்தது என்று சாலையோரத்தில் யாராவது ரகசியமாக விற்றால் வாங்காதீர்கள், வாங்குகிறவர் இருக்கிற வரைக்கும்தான் கண்ணி.

காட்டுல முட்டை கிடைச்சுது, வீட்டுக்கோழிக்கு அடை வைக்கலாமா? குஞ்சு வளர்த்தா தப்பா?

இந்தியாவில் 1972ஆம் வருட வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் முட்டை எடுப்பதும் குற்றம், சிறைக்குப் போகும் குற்றம். இலங்கையில் 1937இலிருந்தே வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், வீட்டில் பொரித்த குஞ்சுக்கு மேலே சொன்ன ஊர் நோய்கள் எல்லாம் முதல் வாரத்திலேயே காத்திருக்கும். முட்டையைக் கண்டால் தொடாமல், அந்த இடத்தை விட்டு உடனே நகருங்கள். நாம் அங்கே நிற்கிற வரைக்கும் தாய் திரும்பி வராது.

உலக அளவிலான பட்டியல்ல "கவலை குறைந்த இனம்"னு போட்டிருக்காங்களே, அப்புறம் ஏன் இவ்வளவு பதற்றம்?

இரண்டு இனமும் அந்தப் பிரிவில்தான் இருக்கின்றன, அது சரி. அழிவின் விளிம்பில் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், எந்தக் காட்டிலும் குறையவில்லை என்று அர்த்தமில்லை. இலங்கை இனத்துக்கு அந்த ஒரு தீவுதான், சாம்பலுக்கு இந்த ஒரு தீபகற்பம்தான். சிவப்பு போல் ஓரிடத்தில் போனால் இன்னொரு நாட்டில் இருக்கும் என்று சொல்ல வழியில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் காலையில் கூவல் கேட்ட கரட்டில் இன்றைக்குக் கேட்பதில்லை. பட்டியலில் அது தெரியாது.

பேருக்குப் பின்னால "சொன்னரட்டி", "லஃபயெட்டி"ன்னு வருதே, அது யாரு?

அறிவியல் பெயரின் பின்பாதியில் வருவது அது, இரண்டு பேருமே பிரெஞ்சுக்காரர்கள். சாம்பலுக்கு 1813இல் பெயர் வைத்தபோது, இந்தியாவில் பயணம் செய்து புதுச்சேரியிலும் இருந்த இயற்கை ஆய்வாளர் பியர் சொன்னரா பெயரை வைத்தார்கள். அவராவது இந்த நாட்டுக்கு வந்தவர். இலங்கைக் கோழிக்கு 1831இல் வைத்தது, அமெரிக்க விடுதலைப் போரில் சண்டை போட்ட தளபதி லஃபயெட்டின் பெயரை. வன்னிக் கிழவி ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, "அந்தாளுக்கும் எங்கட கோழிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். ஒரு சம்பந்தமும் இல்லை பாட்டி, பெயர் வைத்தவருக்கு அவரைப் பிடித்திருந்தது.